மோர் அகப்பை

"தாயே, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான் திருமேனி.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியநாச்சி அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஒரு தப்பும் செய்யலியே."

"அதைத்தான் கேக்கேன். ஒரு தப்பும் செய்யாதவனுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?"

அம்மை ஒரு பிடி கீரையை அவன் பக்கம் தள்ளினார். அவனும் உட்கார்ந்து ஆய்ந்தான். வேறென்ன செய்வான், சொன்னதைச் செய்தே பழகியவன்.

விஷயம் இதுதான். மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம். பந்தியில் கடைசியாக வருகிற மோரைக் குருவான அம்மைதான் ஊற்றுவார். மோர் அகப்பையை வேறு யாரும் தொடக்கூடாது. வரிசையாக ஊற்றிக்கொண்டே வருகிறவர் ஒரே ஒரு சீடன் முன்னால் நிற்பார். அன்றைக்கு அவன் செய்த ஒரு நல்லதை எல்லார் காதிலும் விழும்படி சொல்வார்.

பட்டமா, பதவியா, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மீசை வைத்த ஆம்பிளைகள் சோற்றில் குழி பறித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

திருமேனி மூத்த சீடன். தலை நரைக்கத் தொடங்கியாயிற்று. முற்றம் பெருக்குவதில் ஒரு குறை சொல்ல முடியாது. பாடம் பிசகமாட்டான். எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டான். வந்த புதிதில் எப்போதோ வார்த்தை வாங்கியதோடு சரி. அப்புறம் அவன் இலையில் மோர் மட்டும்தான் விழுந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தான், இருளப்பன் வந்து சேரும்வரைக்கும்.

இருளப்பன் மாட்டுவண்டி ஓட்டியவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்தக் கோபத்தால் வண்டியும் போய், வீடும் போய், மடத்துக்கு வந்தவன். வந்த வாரமே வினை.

"விறகை இப்படியால அடுக்குவாக? எத்தனை தடவ சொல்லுதது?" என்று திருமேனி எல்லார் முன்னாலும் ஒரு அதட்டுப் போட்டான்.

இருளப்பன் ஒரு கட்டையைத் தூக்கிவிட்டான்.

"கீழ போடுல."

கட்டை இன்னும் உயரப் போனது.

சத்தம் கேட்டு அம்மை வந்தார். முதலில் திருமேனியைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றார். அதுவே அவனுக்குச் சுருக்கென்றது. அடிக்க வந்தவன் அங்கே நிற்கிறான், அடி வாங்க இருந்தவனை உள்ளே போகச் சொல்கிறார்.

கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். அம்மை இருளப்பனுக்கு எதிரே போய் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, ஓரமாக, தரையில் உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த விறகுச் சிராய்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"கனமான கட்டை" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "கை வலிச்சா வச்சிரு. அவசரம் ஒண்ணுமில்ல."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டை கீழே இறங்கியது. அவனும் குனிந்து சிராய் பொறுக்கினான்.

அன்று மத்தியானம் மோர் அகப்பை யார் முன்னால் நின்றது என்று நினைக்கிறீர்கள்?

"இன்னைக்கு இருளப்பன் கட்டையத் தூக்கினான். தூக்கினதைக் கீழ வச்சிட்டான்."

திருமேனி கை கழுவும்போது பக்கத்தில் இருந்தவனிடம் சிரித்தான். "தூக்கி வச்சதுக்கு ஒரு வார்த்தையாம். நான் இத்தனை வருசமா தூக்கவே இல்லையே, எனக்கு என்ன தரணும்?"

சிரிப்புத்தான். வயிறு எரிந்தது.

அப்புறம் அடிக்கடி இருளப்பன்தான். பாதி வசவில் வாயை மூடிக்கொண்டானாம், அதற்கு ஒரு வார்த்தை. கோபம் வந்ததும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டானாம், அதற்கும் ஒரு வார்த்தை. திருமேனி அம்மை கண்ணில் படும் இடமாகப் பார்த்து இரண்டாம் தடவை முற்றம் பெருக்கினான். அம்மை, "கால்ல தூசி படுது, தள்ளிப் பெருக்கு" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, இருளப்பன் நாளாக நாளாகத் தணிந்துதான் வந்தான். அதுதான் திருமேனிக்கு இன்னும் ஆகவில்லை. அவன் மறுபடி ஒரு கட்டையைத் தூக்கமாட்டானா என்று ஏங்கினான். புகையடிக்கும் அடுப்பாகப் பார்த்து அவனை உட்காரவைத்தான். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றான். எரிகிற வயிற்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

இப்படி இருக்கையில் அம்மை காசிக்குப் புறப்பட முடிவுசெய்தார். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அமாவாசைச் சாப்பாட்டில் மோர் அகப்பையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன் என்றார். அகப்பை யார் கையிலோ, மடத்துப் பிள்ளைகளெல்லாம் அவர் பொறுப்பு.

முறைப்படி அது திருமேனிக்குத்தான். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

அமாவாசை வந்தது. பந்தி போட்டார்கள். பெரிய பானையிலும் சின்னப் பானையிலும் மோர் நிறைந்திருந்தது. அம்மை ஊற்றிக்கொண்டே வந்தார். திருமேனி இலையில் ஊற்றினார். அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். அவர் தாண்டிப் போய் இருளப்பன் முன்னால் நின்றார்.

"நேத்து சந்தையில இவனை ஒருத்தன் அப்பனோடு சேத்து ஏசினான். இவன் கையக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டான்."

திருமேனி எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. பெரிய பானையை ஓங்கி உதைத்தான்.

மோர் பந்தி முழுக்க ஓடியது. இலைகள் மிதந்தன. எதிர்த்து ஒரு சொல் பேசாத திருமேனி சின்னப் பானையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். கண் இருளப்பன் மண்டையில் இருந்தது.

அம்மை அசையவில்லை.

இருளப்பன்தான் அசைந்தான். எழுந்து வந்தான். எதிரே நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளி, ஓரமாக, ஈரத்திலேயே உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கனமா இருக்கும் அண்ணாச்சி" என்றான், துடைத்துக்கொண்டே. "கை வலிச்சா வச்சிருங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

பானை விளிம்பில் மோர் தளும்பித் திருமேனி தலையிலேயே சொட்டியது.

பானை மெதுவாகக் கீழே இறங்கியது.

அவன் அப்படியே உட்கார்ந்து அழுதான். "எனக்கு ஒண்ணுமே சொல்லலையே தாயே. நானும் இங்கதானே இருந்தேன்."

"ஆமா" என்றார் அம்மை. "நல்லா இருக்கவனுக்கு என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

பிறகு சின்னப் பானையை இழுத்துவைத்து, அவன் இலையில் முதலில் ஊற்றினார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"இன்னைக்குத் திருமேனி பானையத் தூக்கினான். தூக்கினதைக் கீழ வச்சிட்டான்."

அன்று அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்தவன் இன்று சிரிக்கவில்லை. மோரும் சோறும் கண்ணீருமாக அள்ளித் தின்றான். இருளப்பன் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

தின்று முடித்ததும் அம்மை அகப்பையை அவன் கையில் வைத்தார்.

திருமேனி பதறிப்போனான். "எனக்கா தாயே? பானைய உதைச்சவனுக்கா?"

"நேத்துவரைக்கும் உனக்குக் கொடுக்கப் பயமா இருந்துச்சு. தூக்காதவனுக்கு இறக்கிவைக்கிற பாடு தெரியாதே. போ, மிச்சப் பேருக்கு ஊத்து. பிள்ளைக காத்திருக்கு."

திருமேனி ஊற்றிக்கொண்டே போனான். மோர் குறைவாகத்தான் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினான். கடைசியில் இருளப்பன் துடைப்பதை விட்டுவிட்டுத் தன் இலைக்கு வந்து உட்கார்ந்தான். வார்த்தை யாருக்கு என்று பந்தியே காத்திருந்தது.

திருமேனி அவன் முன்னால் போய் நின்றான். அடுத்தவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அவனுக்குப் பழக்கமே இல்லை.

"இன்னைக்கு இருளப்பன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அகப்பை சாய்ந்து மோர் இலையில் விழுந்தது.

"என் பக்கத்துல வந்து உக்காந்தான்."