எருமை கொடுத்து எடுத்த இரண்டு ஏக்கர்

சுண்டைக்காய்ப்பட்டியில் ஒச்சப்பன், கொண்டையன், வீரபுத்திரன் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. அதனால் நிலம் விற்கிற தொழிலில் இறங்குவது என்று முடிவெடுத்தார்கள்.

டீக்கடையில் புரோக்கர் பூமிநாதனைப் பிடித்தார்கள். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்.

"சொந்த நிலம் எதுக்குப்பா? விக்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுத்து முப்பது நாளைக்கு அக்ரிமென்ட் போடு. அதுக்குள்ள வேற பார்ட்டியைப் பிடிச்சு, விலையைக் கொஞ்சம் ஏத்தி, அவருக்குக் கைமாத்தி விட்டுடு. மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்க. அவசரத்துல இருக்கிற ஆளாப் பார்த்துப் பிடி. இடத்தை நாலு பேருக்குக் காட்டு. பத்திரம் முடியுற வரைக்கும் விக்கிறவரும் வாங்குறவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துடவே கூடாது. பார்த்துட்டா உன்னைக் கழட்டி விட்டுட்டு அவங்களே பேசி முடிச்சிடுவாங்க."

அட்வான்சுக்குக் கையில் காசில்லை. ஒச்சப்பன் வீட்டில் பவுனு என்று ஒரு எருமை இருந்தது. அதை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். அவன் பெண்டாட்டி சிட்டம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா பாருய்யா, பவுனு கறக்கிற பால்லதான் இந்த வீட்டுல உலை கொதிக்குது. முப்பதாம் நாள் அது வரலைன்னா நீயும் வராத!"

ஊர் எல்லையில் அவசரக்காரனைத் தேடி நின்றார்கள். முதலில் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறங்கி வெற்றிலை போட்டார். "இவருக்கு அவசரம் பத்தாது" என்று விட்டுவிட்டார்கள். அடுத்து, இரண்டு ஏக்கருக்குச் சொந்தக்காரரான சங்கிலிமுத்து கையில் சொம்போடு வேலிக்காட்டைப் பார்த்து ஓட்டமாக ஓடி வந்தார்.

"இதுதாண்டா அவசரம்!" என்று மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

"விடுங்கப்பா!"

"உங்க ரெண்டு ஏக்கரைக் கொடுப்பீங்களா மாமா?"

"தர்றேன், விடுங்கடா!"

"எருமைதான் அட்வான்ஸ். சரியா?"

"எல்லாம் சரி! கையை விடுங்கடா பாவிகளா!"

கால் மணி நேரம் கழித்து நிம்மதியான முகத்தோடு வந்து, சொன்ன சொல் மாறாமல் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டார். முப்பது நாளில் பார்ட்டி வராவிட்டால் பவுனு அவருக்கே சொந்தம் என்று எழுதிக்கொண்டார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். அந்த இரண்டு ஏக்கரும் காலையில் அவர் ஓடுகிற வேலிக்காடுதான்.

அடுத்த வேலை, இடத்தை நாலு பேருக்குக் காட்டுவது. கொண்டையன் ஒரு கூடை மண்ணை வெட்டிச் சந்தைக்குச் சுமந்துபோனான். ரோஜாச்செடி விற்கிறவர் மண்ணைக் கசக்கிப் பார்த்து, "ரெண்டு தட்டு போடுப்பா" என்றார்.

"சில்லறைக்குக் கிடையாதுங்க. எடுத்தா ரெண்டு ஏக்கரும் மொத்தமா எடுக்கணும்."

"எனக்குப் பத்துத் தொட்டிதான்யா இருக்கு!"

கூடை அப்படியே திரும்பி வந்தது.

இருபதாம் நாள், டவுனிலிருந்து ஒரு பார்ட்டி காரிலேயே வந்து இறங்கினார். சங்கிலிமுத்து அந்த நேரம் பார்த்து நிலத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டால் குடி கெட்டதே! ஒச்சப்பன் தன் தோளில் கிடந்த கம்பளியை உருவி, டவுன்காரர் தலையோடு போர்த்தி, இரண்டு ஏக்கரையும் சுற்றிக் காட்டினான்.

"இடம் எப்படிங்க இருக்கு?"

"இருட்டா இருக்குய்யா!" என்று கத்திக்கொண்டே அவர் கருவேலமுள்ளில் விழுந்தார். எழுந்தவர் கார் இருக்கிற திசைகூடத் தெரியாமல் ஓடினார்.

இருபத்தொன்பதாம் நாள் மூன்று பேரும் கூடி யோசித்தார்கள்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான் வீரபுத்திரன். "வாங்குறவரை மூடக் கூடாது. விக்கிறவரைத்தான் மூடணும்."

உடனே சங்கிலிமுத்துவைத் தொட்டில் பிள்ளை மாதிரி கம்பளியால் சுற்றி வரப்பில் உட்காரவைத்தார்கள். பார்ட்டிதான் யாரும் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று வீரபுத்திரன் உரக்கப் பேசிப் பழகினான்.

"கிணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும்! காத்து பாருங்க, விசிறியே வேண்டாம்! ரோட்டுக்குப் பக்கம், கோயிலுக்குப் பக்கம்!"

கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏப்பா, இந்த இடம் என்ன விலை?"

மூன்று பேரும் துள்ளிக் குதித்தார்கள். கொண்டையனுக்கு மட்டும் சின்னச் சந்தேகம்.

"அண்ணே, விக்கிறவரும் இவருதானே?"

ஒச்சப்பன் நெடுநேரம் தாடையைத் தடவினான். "அன்னைக்கு விக்கிறேன்னு சொன்னவர் ஓடிட்டே சொன்னார். இவர் உட்கார்ந்துட்டே கேக்குறார். அது வேற ஆளு, இது வேற ஆளு."

"அட்வான்ஸ் என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டான் வீரபுத்திரன்.

"எங்க வீட்டுல ஒரு எருமை சும்மா நிக்குது. அதை வச்சுக்கங்க. இந்த மாதிரி இடத்தைக் கைநழுவ விட்டுடக் கூடாது."

எருமையை ஓட்டி வந்தார்கள். ஒச்சப்பன் பல்லைப் பிடித்துப் பார்த்தான். பவுனு அவன் தோளை நக்கியது.

"பார்த்தவுடனே ஒட்டிக்குது. நல்ல குணமான எருமை. ஆனா கொஞ்சம் இளைச்சிருக்கு. கூட ஒரு ஆடு கொடுத்துடுங்க" என்று பேரம் பேசி, ஆட்டையும் வாங்கிவிட்டான். அதுதான் லாபம். பத்திரம் அடுத்த திங்கட்கிழமை என்று பேச்சு முடிந்தது.

அப்போதுதான் கொண்டையனுக்கு மூன்றாவது விஷயம் ஞாபகம் வந்தது.

"அண்ணே! திங்கட்கிழமைக்குள்ள இவரே இவரைப் பார்த்துட்டா? நம்மளைக் கழட்டி விட்டுட்டு, இவரே இவர்கிட்ட பேசி முடிச்சிடுவாரே!"

மூன்று பேரும் சங்கிலிமுத்து வீட்டுக்கு ஓடிக் கண்ணாடியைக் கழற்றினார்கள். கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினார்கள். எவர்சில்வர் தட்டையெல்லாம் கரியால் பூசினார்கள்.

மறுநாள் முப்பதாம் நாள். சிட்டம்மா புருஷனைத் தேடிக்கொண்டு குளத்தங்கரைக்கே வந்துவிட்டாள்.

"எங்கய்யா என் பவுனு?"

"வந்துருச்சு, சிட்டு. கூட ஒரு ஆடும் வந்திருக்கு. ஆனா திங்கட்கிழமை வரைக்கும் பவுனு வீட்டுக்கு வராது. வேலையில இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். கொண்டையனும் வீரபுத்திரனும் பவுனுவைக் குளத்துக்குள் இறக்கி, தண்ணீர் தெளியவிடாமல் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் சங்கிலிமுத்து பாதி சவரத்தோடு, கலங்கின தண்ணீரில் முகம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா ஒச்சப்பா, இப்பேர்ப்பட்ட இடத்தைப் போய் விக்கிறானே, யாருப்பா அந்த முட்டாப்பய? ஒருதடவை அவன் மூஞ்சியைப் பார்க்கணும்."

"ஐயையோ மாமா, அது மட்டும் ஆகாது!" என்று அலறின ஒச்சப்பன், குளத்தைப் பார்த்துக் கத்தினான். "டேய், இன்னும் நல்லாக் கலக்குங்கடா!"