காலண்டரில் எல்.சி.

கோமதிநாயகம் ரயில்வேயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சுடர்க்கொடி அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஞானத்துக்கு சீனியாரிட்டி ஏது?

தாமிரபரணிக் கரையில் அம்மாவின் மடம். அன்று காலை அவர் போனபோது அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் வணங்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். நம் வீடுகளில் நடப்பதுதான்: கேஸ் வந்த நாள், பால் வராத நாள் எல்லாம் அடுக்களைக் காலண்டரில் குறித்திருக்கும். வருஷம் பிறந்தால் பழையதை எடுக்கமாட்டார்கள், அதன் மேலேயே புதியதை மாட்டுவார்கள். பாரம் தாங்காமல் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்த அன்றுதான் மனுஷர் பார்த்தார். பதினொரு வருஷக் காலண்டரிலும் மாதம் ஒரு தேதியில் ஆங்கிலத்தில் எல்.சி. என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ரயில்வேக்காரர் மூளை எங்கே போகும்? லெவல் கிராசிங் என்றுதான் நினைத்தார். சுற்றுவட்டாரத்துக் கேட் ஒவ்வொன்றுக்கும் போய் விசாரித்தார். ஒரு கேட்கீப்பர் ஆவுடையம்மாளின் படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பஸ் கேட்டில் நிற்கும் நேரத்தில் இறங்கி வந்து, அந்த கேட்கீப்பரின் மகளுக்கு ஆங்கிலம் எழுதப் பழக்கிய அக்காவாம். ஆனால் அது வேறு வருஷம்.

லீவிங் சர்ட்டிபிகேட்டோ என்று பள்ளிக்கூடம் போனார். படிப்பை நிறுத்த வந்த இரண்டு பெண்களின் வீட்டுக்கு நடையாய் நடந்து, திரும்ப வகுப்பில் உட்காரவைத்தது ஆவுடையம்மாள்தான் என்றார் தலைமையாசிரியர். கட்சியின் லோக்கல் கமிட்டியோ என்று அங்கேயும் போனார். தெருக்குழாய்க்காக மூன்று மாதம் வந்து சண்டை போட்ட ஆவுடையம்மாளின் கணவர் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டார்கள். எக்ஸ்சேஞ்சில், லைட்னிங் கால் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் இணைக்கும் அவசர அழைப்பு என்றார்கள். ஒரு புயல் நாளில் பிரசவ வலியில் தனியாகத் துடித்த பெண்ணிடம், வண்டி போய்ச் சேரும்வரை ஆவுடை லைனில் பேசிக்கொண்டே இருந்ததையும் சொன்னார்கள். ஆனால் எந்தத் தேதியும் காலண்டரோடு ஒத்துவரவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெங்காயத்தை எப்போதோ கீழே வைத்துவிட்டிருந்தார்.

"இதுல ஒண்ணாவது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா. சோறு போடும்போது சொல்ல வந்திருப்பா. நான் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

கடைசியாக ஒன்று பாக்கி இருப்பதையும் சொன்னார். எல். செல்லையா என்று ஒருவர், ஆவுடையோடு வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் சுருக்கினால் அதுவும் எல்.சி.தான். இப்போது தென்காசியில் இருக்கிறார். மூன்று தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய், ஏறாமல் திரும்பிவிட்டார் கோமதிநாயகம். அந்த ஆளாக இருந்துவிட்டால் முப்பத்தைந்து வருஷக் குடித்தனமும் பொய்யாகிவிடுமே என்ற பயம்.

"போகட்டுமா, வேண்டாமா? நீங்கதாம்மா சொல்லணும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, காலண்டர் தாளை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி படத்தைக்கூட அவர் அப்படி ஒற்றிக்கொண்டு கோமதிநாயகம் பார்த்ததில்லை.

"போங்க," என்றார் அம்மா. "ஆனா எழுத்தைப் பத்திக் கேக்காதீங்க. 'முப்பத்தஞ்சு வருஷம் கூடவே இருந்தேன், என் வீட்டுக்காரியை எனக்குத் தெரியாமப் போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க'ன்னு கேளுங்க."