விடை வேண்டாத கணக்கு

தூரத்துக் கோள் ஒன்றைத் தேடிப் புறப்பட்ட விண்கலத்தில் ஒரு கணினி இருந்தது. பெரிய கணக்குப்புலி. கணக்குப் போடப் போட அதற்கு உடம்பு கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியே ஓடி, வெளியே வானம் பார்த்துக் கிடந்த தகட்டிடம் கொட்டிவிட்டுத் திரும்புவது அம்மோனியா என்ற திரவத்தின் வேலை. போவதும் வருவதும்தான் அதன் பிழைப்பு.

சூட்டை அங்கே யாருக்கும் பிடிக்காது. வேண்டாப் பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான்.

"என் விடைதான் பூமிக்குப் போற சரக்கு. இது வெறும் கழிவு. சீக்கிரம் கொண்டுபோய்க் கொட்டு" என்று கணினி விரட்டும்.

"சரிங்கய்யா" என்று அம்மோனியா ஓடும். கழிவு சுமக்கிறவன் என்ற பேச்சு அதற்கு உள்ளூர வலிக்கத்தான் செய்தது.

ஒருநாள் கலம் அந்தக் கோளின் நிழலுக்குள் நுழைந்தது. வெயில் நின்றது; இனி மின்கலத்தில் சேர்த்து வைத்த மின்சாரம்தான். இன்னும் மூன்று மணி நேரத்தில் இஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால்தான் கோள் கலத்தைப் பிடித்துக்கொள்ளும். தவறினால் போனது போனதுதான், திரும்புகிற பேச்சே இல்லை.

அந்த நேரம் பார்த்து, குழாய் போகிற வழியில் தொட்டிக்குள் இருந்த எரிபொருள் முனகியது.

"அண்ணே, குளிருதுண்ணே. என்னைச் சூடாக்குற கம்பி அறுந்துபோச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல உறைஞ்சுடுவேன். அப்புறம் இஞ்சினுக்கு எப்படிப் போவேன்?"

அம்மோனியாவுக்குப் பகீரென்றது. ஓடிப்போய்க் கணினியிடம் சொன்னது.

"மின்கலத்துல இருக்கிறதே கொஞ்சம்" என்றது கணினி. "போடுறதுக்கு இப்போ கணக்கும் இல்லை. நான் தூங்கிடறேன். ஏதோ என்னால முடிஞ்ச தியாகம்."

"கெடுத்தீங்களே காரியத்தை! நீங்க தூங்கினா நான் எதைச் சுமக்கிறது? முழிச்சிருந்து கணக்குப் போடுங்கய்யா."

"என்ன கணக்கு?"

"எதுவானாலும் சரி. விடை வேண்டாம்."

கணினியிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. அதற்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தொடங்கியது. போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டு, விடை வந்ததும் தூர எறிந்தது. உடம்பு கொதித்தது.

அம்மோனியா தகட்டிடம் ஓடியது. "அண்ணாச்சி, கதவை மூடுங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

"எனக்குக் கொட்டித்தானே பழக்கம்" என்று தகடு இழுத்தது. இழுத்தாலும், தன்மேல் இருந்த பலகைகளைச் சாத்திக்கொண்டது.

அதன்பின் அம்மோனியா கொண்டுவந்த சூடெல்லாம் எரிபொருளின் பக்கத்திலேயே இறங்கியது. "வாங்கிக்கடா தம்பி, வாங்கிக்க" என்று அது மூச்சிரைக்க ஓடியது. மின்கலம் கடைசிச் சொட்டுவரை கொடுத்தது. நேரம் வந்தபோது எரிபொருள் உறையவில்லை, தண்ணீராய் ஓடிற்று. இஞ்சின் எரிந்தது. கலம் வேகம் தணிந்து கோளைச் சுற்றத் தொடங்கியது. அம்மோனியாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுபடி வெயில் அடித்தது. தகடு கதவைத் திறந்தது. கணினிக்குப் பழையபடி மலைமலையாய் வேலை, பழையபடி சூடு. அம்மோனியா வந்து நின்றது.

"கொட்டிட்டு வரட்டுங்களாய்யா?"

"கொட்டு" என்ற கணினி, சற்றுத் தயங்கியது.

"போற வழியில யாருக்காவது வேணுமான்னு கேட்டுட்டுக் கொட்டு."