பொருந்தாத பிறந்தநாள்

பொறுமை உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள். தவமணிக்கு இருந்த பொறுமை ஒரு வியாழக்கிழமையோடு தீர்ந்துபோனது.

சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவள் தவமணி. வயது நாற்பத்தாறு. கைப்பேசியில் அவள் ஆடிய ஒரே விளையாட்டு ‘பசுந்தீவு’. கடலுக்கு நடுவே ஆளுக்கொரு தோட்டம். விதைக்கலாம், அறுக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரரோடு எழுதிப் பேசலாம். அவளுடைய பக்கத்துத் தோட்டக்காரி மட்டக்களப்பு நிரோஜினி. நேரில் பார்த்ததில்லை, போன் நம்பர்கூடத் தெரியாது. ஆனாலும் நான்கு வருடமாக மதியச் சாப்பாட்டு வேளையில் இருவரும் பேசாத பேச்சில்லை.

ஒருநாள் நிரோஜினி தவறுதலாகத் தவமணியின் பூசணியை அறுத்துவிட்டாள். “உனக்குக் கண்ணு எங்க இருக்கு?” என்று தவமணி வெடுக்கென்று எழுதிவிட்டாள். மறுநாளே மகள் கௌசிகா மதுரையில் உள்ள கல்லூரி விடுதிக்குக் கிளம்பினாள். பாடத்துக்கு வேண்டுமென்று கைப்பேசியும் அவளோடு போனது. அதன்பின் பதினான்கு மாதம் தவமணியிடம் இருந்தது பட்டன் போன்தான்.

விடுமுறைக்கு வந்த மகள் அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி ஒன்று வாங்கி வந்தாள். அந்த வியாழக்கிழமை மதியமே தவமணி பசுந்தீவுக்குள் நுழைந்தாள். கடவுச்சொல் நினைவில் இருந்தது. தோட்டம் புதர் மண்டிக் கிடந்தது. வாசல் பலகையில் அவள் பெயரும், விளையாட்டில் சேர்ந்த அன்று பதிந்த பிறந்த தேதியும் அப்படியே இருந்தன: 3-8-1979. அதன் கீழே முந்தின நாள்தான் நிரோஜினி எழுதிய கடிதம்.

“அக்கா, ஞாயிறு காலையில இந்தக் கணக்க மூடிட்டு அவரிட்ட கத்தாருக்குப் போறன். அந்தப் பூசணிக்காய்க்குப் பிறகு ஒரு சொல்லும் இல்ல. என்னில இன்னும் கோவமோ?”

“கோவமெல்லாம் இல்லடி” என்று தட்டினாள் தவமணி. போகவில்லை. சிவப்புக் கட்டம் ஒன்று குறுக்கே வந்து நின்றது: ‘ஓராண்டுக்கு மேல் கழித்துத் திரும்பியவர்கள் முப்பது நாள் யாருடனும் பேச முடியாது. பழைய கணக்குகளைத் திருடர்கள் கைப்பற்றுவதால் இந்த ஏற்பாடு. அவசரமென்றால் அடையாள அட்டையை அனுப்பவும்.’

புதிதாக வருகிறவனுக்குத் தங்க மண்வெட்டி கொடுத்து ஆரத்தி எடுக்கிறார்கள். நான்கு வருடம் அந்த மண்ணைக் கொத்தியவளை வாசலில் நிறுத்தி, நீ யார் என்கிறார்கள்! புதுக் கணக்கு திறந்து பேசலாமென்றால், முன்பின் தெரியாதவர்களின் கடிதம் வராதபடி நிரோஜினி எப்போதோ கதவைச் சாத்தி வைத்திருந்தாள். தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் உதவிப் பிரிவிலிருந்து ஜெபராஜ் என்பவர் போனில் கூப்பிட்டார்.

“அம்மா, அட்டையில ஜூன் ஒண்ணுன்னு இருக்கு. கணக்குல ஆகஸ்ட் மூணு. பொருந்தலையே?”

“ரெண்டும் நான்தான் சார். ஆடிப் பெருக்கன்னிக்குப் பொறந்தவ நான். பள்ளிக்கூடத்துல சேர்க்க ரெண்டு மாசம் வயசு பத்தலன்னு ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணு போட்டுட்டாரு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்.”

ஜெபராஜ் சிரித்துவிட்டார். “எங்கப்பாவுக்கும் அதே தேதிதாம்மா. நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பொருந்தினா உள்ள, இல்லன்னா வெளிய. நடுவுல ஒண்ணும் கிடையாது.”

“நான் பொய் சொல்லல சார்.”

“தெரியுதும்மா” என்றார். தெரிந்தும் மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே கதையை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். ‘பொருந்தவில்லை’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அன்று தறியில் அறுந்த இழைக்கெல்லாம் அவளிடம் திட்டு விழுந்தது.

சனிக்கிழமை கௌசிகாவுக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டுல எதும்மா நெசம்?” என்று கேட்டாள்.

“ஆடிதான்டி நெசம்.”

அம்மா வேலைக்குக் கிளம்பியதும், அட்டைப் படத்திலிருந்த ஜூன் ஒன்றை அழித்து ஆகஸ்ட் மூன்றைப் போட்டு, அம்மாவின் பெயரிலேயே அனுப்பிவிட்டாள். பத்து நிமிட வேலை. மெய்யான அட்டையில் பொய்த் தேதி இருந்தது. இப்போது பொய்யான அட்டையில் மெய்த் தேதி ஏறியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் படம் ஜெபராஜின் மேசைக்கு வந்தது. வியாழக்கிழமை ஜூன் ஒன்று இருந்த அதே அட்டை என்று பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. விதிப்படி கணக்கை நிரந்தரமாக முடக்க வேண்டும். அந்த அம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது. ‘பொருந்தியது’ என்று அழுத்தினார்.

சிவப்புக் கட்டம் மறைந்தது. “கோவமெல்லாம் இல்லடி” என்று தவமணி மறுபடி தட்டினாள். ‘இந்தப் பெயரில் யாரும் இல்லை’ என்றது திரை. பக்கத்துத் தோட்டம் இருந்த இடத்தில் கடல்தான் இருந்தது. நிரோஜினி எட்டு மணிக்கே கணக்கை மூடியிருந்தாள். கௌசிகா அழுதுகொண்டே தான் செய்ததைச் சொன்னாள்.

“நெசத்தச் சொன்னப்ப தொறக்கலையே!” என்று தவமணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பொருந்தாத அட்டையை அனுப்பி உள்ளதைச் சொன்னாள் தாய். தாய்க்காக அட்டையைத் திருத்தினாள் மகள். திருத்தியது தெரிந்தும் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தார் ஜெபராஜ். வந்திருப்பவள் சொந்தக்காரியா, திருடியா என்பதுதான் அங்கே கேள்வி என்றால், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததுதான். கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தவளுக்கு வாசல் பலகையிலேயே தேதி கண்ணில் பட்டிருக்கும். அதற்கேற்ற அட்டையைத் தயார்செய்யப் பத்து நிமிடம் போதும். பொருந்தாத அட்டையை எந்தத் திருடியும் அனுப்பமாட்டாள். ஆக, அந்தப் பொருந்தாமைதான் தவமணிக்குச் சாட்சி. மகள் பாசத்தால் செய்தாள், ஆனால் திருடி செய்வதையே செய்தாள். ஜெபராஜ் இரக்கமுள்ளவர்தான், ஞாயிற்றுக்கிழமை பொய்க்காக மீறிய விதியை வியாழக்கிழமை உண்மைக்காக மீறியிருக்கலாம். திருடி ஒருத்தி வந்திருந்தால், வியாழக்கிழமை மாலையே அவளைப் பேச விட்டிருப்பார்கள்.