மகாராஜா வண்டியின் பிறந்த வீடு

கடுவாய்க்குன்றம் என்றொரு நாடு. ஏறினால் மலை, இறங்கினால் பள்ளம். சமதளம் என்று சொல்ல அரண்மனை முற்றம் ஒன்றுதான் உண்டு. அந்த நாட்டை ஆண்ட மருதப்ப பூபதிக்கு யானை மேல் இருந்த ஆசை தீர்ந்து வண்டி மேல் ஆசை வந்தது. கடல் கடந்து வந்து இறங்கியது ஒரு சொகுசு வண்டி. குட்டியானை உயரம், உள்ளே மெத்தை இருக்கை, முகப்பில் வெள்ளியில் ஒரு மயில். எந்தப் பாறையைக் காட்டினாலும் ஏறும்.

வாங்கிக் கொடுத்தவர் அமைச்சர் குலசேகரம். ஆணி முதல் என்ஜின் வரை எல்லாம் அதைச் செய்த மயில் கம்பெனியின் சொந்தப் பட்டறையில் பிறந்தவை, வெளிச்சரக்கு ஒரு துளி கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தார். ராஜாவும் விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தப் பெருமையைத்தான் பரிமாறுவார்.

அந்தப் பெருமைக்கு ஓர் எலி வினையாக வந்தது. எலி கடித்த ஒயரைத் தேடி, அரண்மனை மெக்கானிக் பேச்சியம்மாள் பானெட்டைத் திறந்தாள். என்ஜின் மேல் மயில் படம் போட்ட மூடி ஒன்று இருந்தது. அதைக் கழற்றினாள். அடியில், என்ஜினின் உடம்பிலேயே, வேறொரு கம்பெனியின் நங்கூர முத்திரை வார்த்திருந்தது. பக்கத்தில் நின்ற ராஜா அது என்ன என்று கேட்டார். பேச்சியம்மாளுக்குப் பொய் சொல்ல வராது. வண்டிதான் மயில் கம்பெனி, என்ஜின் வேறு யாரோ செய்தது என்று சொல்லிவிட்டாள்.

அமைச்சர் குறுக்கே பாய்ந்தார். தான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று சட்டென்று பழியைத் திருப்பிவிட்டார். அசல் என்ஜினை இவள் விற்றுத் தின்றுவிட்டு எதையோ மாட்டி வைத்திருக்கிறாள், இவளை நாடு கடத்த வேண்டும் என்றார். கூடியிருந்தவர்களில் அவளுக்காக வாய் திறந்தவர் விகடகவி ஆவுடையப்பர் ஒருவர்தான். பதினான்கு வருஷமாக ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள் என்று அவர் சொல்ல, ராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"இவள் மாற்றினாள் என்றால் இவள் கள்ளி. மாற்றவில்லை என்றால், இத்தனை நாள் போலி வண்டியில் ஊர்கோலம் போன முட்டாள் நான். இரண்டும் இல்லாத பதிலோடு நாளைக்குச் சபைக்கு வாரும். இல்லாவிட்டால் அவளோடு நீரும் எல்லையைத் தாண்டலாம்."

ஆவுடையப்பர் நேரே வண்டிக் கொட்டகைக்குப் போனார். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அதில் எழுதியிருந்த எண்ணும் என்ஜினில் பொறித்திருந்த எண்ணும் ஒன்றே. வந்தபோதே இதே என்ஜினோடுதான் வண்டி வந்திருக்கிறது. ஆவுடையப்பருக்குப் பாதி உயிர் வந்தது. அவள் கள்ளி இல்லை. ஆனால் ராஜாவை முட்டாள் ஆக்காமல் இதைச் சபையில் எப்படிச் சொல்வது?

மயில் கம்பெனிக்காரன் ஏன் இப்படி ஏமாற்றினான் என்று அலுத்துக்கொண்டார்.

"ஏமாத்து இல்லீங்க ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "ஒரு நல்ல என்ஜினை உருவாக்க வருஷக்கணக்கா ஆகும். அதனால பெரிய கம்பெனிகூட, நல்லாச் செய்யிறவன்கிட்ட வாங்கி, தன் பேரைப் போட்டுத் தன் வண்டியில வச்சுக்கிடும். அதுல என்ன கேவலம்? மலை ஏறுதான்னு பாருங்க."

ஆவுடையப்பருக்குச் சபையில் சொல்ல வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டார்.

மறுநாள் சபையில் புத்தகத்தையும் எண்ணையும் காட்டி, களவு எதுவும் நடக்கவில்லை என்று ஒரே நிமிஷத்தில் நிரூபித்தார். ராஜாவின் முகம் கறுத்தது. அமைச்சரோ விடுவதாக இல்லை. அப்படியானால் தன்னையும் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், அந்த என்ஜினை இன்றைக்கே கழற்றிக் குப்பையில் எறிய வேண்டும் என்றார்.

"நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"ஓடினால் ஆயிற்றா? பிறந்தது ஒரு வீடு, சுமப்பது இன்னொரு வீட்டுப் பெயர். அப்படி எது இருந்தாலும் அது போலிதான். அதற்கு அந்த இடத்தில் இருக்க உரிமையே கிடையாது."

சபையில் எல்லோர் கண்ணும் ராஜா பக்கம் ஓடின. மருதப்ப பூபதி அந்த அரண்மனையில் பிறந்தவர் அல்லர். பிள்ளையில்லாத முந்தின ராஜா, ஏழு வயதில் அவரை ஒரு மிராசுதார் வீட்டிலிருந்து தத்தெடுத்து வந்து, வளர்த்து முடிசூட்டினார். நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ராஜா முன்னால் மட்டும் யாரும் பேசியதில்லை. ஆத்திரத்தில் அமைச்சருக்கு அது மறந்துபோயிற்று.

ஆவுடையப்பர் ஓர் அடி முன்னால் வந்தார். இதற்கு மேல் ஒரு சொல் தவறினாலும் தலை போகும். குரலைத் தாழ்த்திக் கைகட்டிச் சொன்னார்:

"மகாராஜா, மயில் கம்பெனியிடம் எல்லாம் இருந்தது, மலை ஏறும் தெம்புதான் இல்லை. நாலு வீடு தேடி, உள்ளதில் சிறந்ததைப் பார்த்து எடுத்துவந்து, தங்கள் பெயரைக் கொடுத்து நடுவில் உட்கார வைத்தார்கள். தேடி எடுத்தவன் முட்டாள் இல்லை, எடுக்கப்பட்டதும் போலி இல்லை. நம் நாட்டுக்கும் அப்படி ஓர் என்ஜின் வாய்த்து, முப்பது வருஷமாக ஒரு மேட்டில்கூட நிற்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. அமைச்சர் சொன்ன சட்டப்படி அதையும் கழற்ற வேண்டுமா என்பதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்."

ராஜா மெல்ல அமைச்சர் பக்கம் திரும்பினார். "என்ன ஓய், கழற்றலாமா?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது குலசேகரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாகக் கும்பிட்டுச் சொன்னார்:

"வேண்டாம் மகாராஜா. வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினாலே போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டே, பேச்சியம்மாளைக் கொட்டகைக்குத் தலைவி ஆக்கினார். ஆவுடையப்பருக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் கொடுத்தார். எண்ணெய் மாற்றும் வேலையை மட்டும், சொன்ன வாய்க்கே இருக்கட்டும் என்று, அமைச்சரிடம் ஒப்படைத்தார்.