மாடி அறையில் விளக்கு

"இன்னும் கொடூரமான பேய் வேணும்" என்று சொல்லிக்கொண்டே தீர்த்தகிரி தட்டுவடை செட் பொட்டலத்தை எஸ்தர் முன்னால் வைத்தான்.

எஸ்தர் பிரித்தாள். "காரம் தூக்கலாப் போடச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

திகில் கதை விளையாட்டு நடத்துவதில் சேலத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் அதற்குள் நடமாடுவார்கள். கதவு திறக்குமா, கால் இடறுமா என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவர் முன்னால் ஓர் அட்டை மறைப்பு நிற்கும். அதன் பின்னால் அவர் உருட்டுவதில் என்ன விழுந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

தீர்த்தகிரியும் நடத்துகிறான். போன ஞாயிறு, ஓவியர் ஒருவரிடம் சொல்லி வரைந்து வாங்கிய பேயின் படத்தைச் சரியான நேரம் பார்த்து உயர்த்திப் பிடித்தான். பல், நகம், நாற்றம் எதையும் விடாமல் வர்ணித்தான். ஸ்பீக்கரில் அலறல் வேறு.

விளையாட வந்த மூவரில் மகிழ்நன் படத்தை வாங்கிப் பார்த்தான். சித்தி மகளின் ரிசப்ஷன் மேக்கப் ஞாபகம் வருவதாகச் சொன்னான். மற்ற இருவரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மகிழ்நன் இப்போதெல்லாம் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் விளையாடுகிறான். ஆட்டம் பாதியாகும் முன்பே எழுந்துவிடுவான். பின்னாலேயே மற்ற இருவரும். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த தீர்த்தகிரியின் வீட்டுக்கு, அந்த மூவரைத் தவிர வருவதற்கு யாருமில்லை. வரும் ஞாயிறும் இப்படியே போனால் நிறுத்திவிடலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டது அவன் காதுக்கு வந்திருந்தது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு மறைப்பை நிறுத்தினாள்.

"விளையாடலாமா?"

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான்."

எஸ்தர் வீட்டுக்குக் கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க தனியாப் போகப் பயந்த வீடு ஒன்னு சொல்லுங்க."

யோசித்தான். "அரூர்ல எங்க பெரியப்பா வீடு."

"மாடி உண்டா?"

"உண்டு. மரப்படி. மேல ஒரே ஒரு அறை."

"இப்ப அங்க யாரும் குடியில்லை. கரண்டைப் புடுங்கி வருஷமாச்சு. பூட்டைத் திறந்து உள்ள போறீங்க. மாடி அறையில விளக்கு எரியுது."

அவன் காத்திருந்தான். அவள் அதற்கு மேல் சொல்லவில்லை.

"யாருன்னு குரல் குடுக்கறேன்."

எஸ்தர் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். பார்த்தாள். எடுத்து டப்பாவில் போட்டாள்.

"என்ன விழுந்துச்சு?"

"படி ஏறறீங்களா?"

"ஏறறேன். மூனாவது படி சத்தம் போடும். அதை மிதிக்காம தாண்டிப் போறேன்."

"தாண்டிட்டீங்க" என்றாள். "உங்களுக்குப் பின்னால மூனாவது படி சத்தம் போடுது."

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. கீழே காற்றடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"போதும்."

எஸ்தர் மறைப்பை மடித்து வைத்தாள். மிச்சமிருந்த தட்டுவடையை எடுத்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "மேல யார் இருந்தா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே படியிலேயே நின்னுட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். மகிழ்நன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தான்.

"எங்கடா உன் கல்யாணப் பொண்ணு?"

தீர்த்தகிரி படத்தையும் ஸ்பீக்கரையும் வெளியே எடுத்திருக்கவில்லை. அவள் வரவில்லை என்றான். பிறகு, தனியாகப் போகப் பயந்த இடம் ஒன்றைச் சொல்லும்படி மகிழ்நனைக் கேட்டான்.

"நான் எதுக்குடா பயந்தேன்?" மகிழ்நன் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "ம்... ஹாஸ்டல் மோட்டார் ரூம். அங்க மட்டும் எவனும் தனியாப் போக மாட்டான்."

"அதுக்கு முன்னாலதான் நிக்கற. கதவு திறக்கலை. உள்பக்கமாத் தாழ் போட்டிருக்கு."

மகிழ்நன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதே."

தீர்த்தகிரி மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். பார்த்தான். எடுத்து டப்பாவில் போட்டான்.

"தட்டறியா?"

மகிழ்நன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தான்.