துலக்கி வைத்த சுண்ணாம்பு டப்பா

"எல்லாம் குப்பைங்கம்மா," என்றார் நாச்சிமுத்து.

பாவாயி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதுங்கண்ணா?"

"உங்களைப் பார்க்க வர்றவங்க என்கிட்ட விட்டுட்டுப் போற சாமான்தான். உசுருக்கு உசுரான பொருள் ஒண்ணை வச்சுட்டு உள்ள வாங்கன்னு நீங்க சொல்றீங்க. அவங்க வீட்டுக் குப்பையைக் கொண்டாந்து வைக்கறாங்க. உங்களை ஏமாத்தறாங்க."

"ஏன் இதுன்னு கேட்டீங்களா?"

"குப்பையைப் போய் என்னத்தைக் கேட்கறது?"

அம்மா ஒரு தண்டை எடுத்து நீட்டினார். இலையெல்லாம் ஓட்டை. பூச்சி அரித்தது.

"இது குழம்புக்கா, குப்பைக்கா?"

"குப்பைக்கு."

"ஆட்டைக் கேட்டீங்களா?"

அம்மா தண்டை வீசினார். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த வெள்ளாடு அதை ஒரே வாயில் தின்றுவிட்டு, இன்னும் உண்டா என்று நாச்சிமுத்துவைப் பார்த்தது.

*

காவிரி நடுவே ஒரு மணல்திட்டு. அதில் நாலு வேப்பமரம், ஒரு குடிசை, ஒரு சாமான் கொட்டகை. போக வர மாதையனின் பரிசல்.

குடிசையில் பாவாயி அம்மா. வயசு நாற்பது. கொட்டகையில் நாச்சிமுத்து. வயசு அறுபத்து மூன்று. அந்தம்மாதான் குரு, இவர் சீடர். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் நாச்சிமுத்துவும் சேர்ந்து சிரிப்பார்.

இங்கே வருவதற்கு முன் அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் முப்பது வருஷம் பாத்திர இன்சார்ஜ். கரண்டியைத் தட்டிப் பார்த்தே அதன் வயசைச் சொல்லிவிடுவார். கறுத்த பித்தளை கண்ணில் பட்டால் அவருக்குக் கை அரிக்கும். மற்றபடி தங்கமான மனுஷர்.

அந்தத் திட்டில் ஒரு வழக்கம். அம்மாவிடம் பேச வருகிறவர்கள், விட்டுப் பிரிய மனசு வராத பொருள் ஒன்றைக் கொட்டகையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இது எதற்கு என்று ஒருத்தர் அம்மாவைக் கேட்டாராம். "கை காலியா இருந்தா பேச வசதி," என்றாராம் அம்மா. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

*

மறுநாளிலிருந்து நாச்சிமுத்து கேட்க ஆரம்பித்தார்.

முதலில் ஒரு பெரியவர். வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி இலையில் வைத்துக் கொடுத்தார்.

"இது ஏனுங்க?"

பெரியவர் பொக்கை வாயால் சொன்னார். "முழுக்கு."

"என்னது?"

"முழுக்கு, முழுக்கு!" என்று காற்றில் விரலால் வட்டம் வட்டமாகச் சுற்றிக் காட்டினார்.

முறுக்கு என்று புரிய நாச்சிமுத்துவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அடுத்து ஒரு பெண். குக்கர் வெயிட்டைக் கொடுத்தாள். விசில் அடிக்குமே, அது.

"குக்கரை விட்டுட்டு இதை மட்டும் கொண்டாந்திருக்கியேம்மா?"

"குக்கர் யாருக்கு வேணும்? எங்க மாமியார் கத்த ஆரம்பிச்சா நான் போய்ப் பருப்பு வைப்பேன். இது கத்தறப்ப அது கேட்காது. பதினாலு வருசமா எங்க வீட்டுல சண்டையே இல்லைங்க."

"பருப்பு?"

"குழைஞ்சு போயிரும். போகட்டும்."

பால்காரர் ஒருத்தர் சைக்கிள் பெல்லைக் கொடுத்தார். சைக்கிள் இப்போது இல்லை. பாக்கெட் பால் வந்தபிறகு பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பெல் மட்டும் இருக்கிறது.

"அடிச்சுப் பார்ப்பீங்களா?"

"காலையில அஞ்சு மணிக்கு ஒருக்கா. வீட்டுக்குள்ளேயே. நான் வந்துட்டேன்னு தெரியணுமில்லீங்க."

"யாருக்கு?"

பால்காரர் யோசித்தார். "நாய் வாலாட்டுது," என்றார்.

ஒரு பெரிய மனுஷர் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். அது மின்னிய மின்னலில் ஆடு தலையைத் திருப்பிக்கொண்டது. ஏன் இது என்று நாச்சிமுத்து கேட்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்த பரிசலிலேயே போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்கு ருசி பிடித்துவிட்டது. எப்போது பரிசல் வரும், யார் எதை மடியிலிருந்து எடுப்பார்கள் என்று காலையிலேயே கரையில் போய் நின்றுகொள்வார்.

*

அப்படி ஒருநாள் வந்தவள்தான் நல்லாயி. ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். உள்ளே வெற்றிலை போடுகிறவர்கள் வைத்திருக்கும் பித்தளைச் சுண்ணாம்பு டப்பா. கறுத்து, பச்சை பூத்துக் கிடந்தது.

"இது ஏனம்மா?"

அவள் டப்பாவை அவர் கையில் வைத்தாள்.

"இப்பச் சொன்னா அழுதுருவனுங்க. அம்மாவைப் பாத்துட்டு வந்து சொல்றேன். பத்திரமுங்க."

"என் கண்ணாட்டம் பார்த்துக்கறேன். நீ போ."

அவள் குடிசைக்குள் போனாள்.

நாச்சிமுத்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை ஆசையாக வைத்திருக்கிறாள், துலக்க ஆளில்லை போல.

அவருக்குக் கை அரித்தது.

புளி எடுத்தார். சாம்பல் எடுத்தார். தேங்காய் நாரை நனைத்துத் தேய்த்தார். பச்சை போயிற்று, கறுப்பு போயிற்று. மூடியைத் திறந்தார். உள்ளே முக்கால்வாசிக்குச் சுண்ணாம்பு காய்ந்து கல்லாக இருந்தது. ஈர்க்குச்சியால் சுரண்டினார். வரவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினார். மூன்று தண்ணீர் விட்டு அலசினார். வெயிலில் கவிழ்த்தார்.

தங்கமாட்டம் ஜொலித்தது. மண்டபத்தில் இருந்தபோதுகூட இப்படி ஒன்றைத் துலக்கியதில்லை.

நல்லாயி வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. கையை நீட்டினாள். டப்பாவைப் பார்த்தாள்.

"இது என்னுது இல்லீங்க."

"உன்னுதேதான்!" நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லாப் பாரு."

அவள் மூடியைத் திறந்தாள்.

"உள்ள இருந்தது எங்கீங்க?"

"காஞ்ச சுண்ணாம்பா? அதையெல்லாம் சுத்தமா எடுத்துட்டேன்."

நல்லாயி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது எங்கூட்டுக்காரரு விரலுங்க," என்றாள்.

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை.

"காலையில வெத்தலை போட்டுட்டு வாய்க்காலுக்கு மடை மாத்தப் போனாருங்க. பாம்பு தீண்டி அங்கேயே போயிட்டாரு. ஒம்பது வருசம் ஆச்சு. கடைசியா அவரு விரல் வச்சு வழிச்ச பள்ளம், அப்படியே காஞ்சு நின்னுதுங்க. தினமும் தொறந்து பாப்பேன். வேட்டியக் குடுத்துட்டேன். கட்டிலைக் குடுத்துட்டேன். போட்டோ இருக்குது, அதுல அவரு யாரோ மாதிரி இருப்பாரு. போட்டோக்காரன் மொறைக்கச் சொல்லிட்டான். இதுல மட்டுந்தானுங்க அவரு இருந்தாரு."

நாச்சிமுத்து எழுந்து ஓடினார். அலசிய தண்ணீரை ஊற்றிய இடம் வேப்பமரத்தடியில் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் மணலோடு அள்ளிக்கொண்டு வந்தார்.

"இதுல இருக்கும்மா. இதுலதான் இருக்குது."

"மண்ணை வச்சு நான் என்ன சாமி பண்ணட்டும்?"

அவர் கையிலிருந்து மணல் ஒழுகியது.

*

சத்தம் கேட்டுப் பாவாயி அம்மா வெளியே வந்தார். டப்பாவைப் பற்றி நல்லாயி உள்ளே சொல்லியிருந்தாள்; அது மின்னுவதைப் பார்த்ததுமே நடந்தது விளங்கிவிட்டது. நல்லாயிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஏதாச்சும் சொல்லுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. "இந்தப் புள்ளைக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லவேண்டாம்!" நல்லாயி சீறினாள். "எதுவும் நிலையில்லை, எல்லாம் மாயை, அது இதுன்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் ஆத்துல குதிச்சுருவேன். எனக்கு உங்க ஞானம் வேண்டாம். அந்த விரலைக் குடுங்க."

"நான் சொல்லலை, அம்மிணி," என்றார் அம்மா. "எனக்கே அது இன்னும் சரியா வெளங்கலை."

நல்லாயி காலி டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

கரையிலிருந்து மாதையன் வந்தான். ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாய் நிறைய வெற்றிலை.

"பொழுது சாயுது. காத்து வேற மாறுது. வர்றவங்க வாங்க. இல்லீன்னா ஆட்டோட படுங்க."

அம்மா அவனைப் பார்த்தார். அவன் கன்னத்தைப் பார்த்தார்.

"மாதையா, உன் சுண்ணாம்பைக் குடு."

"எதுக்குங்கம்மா?"

"குடு."

அவன் சுருக்குப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். அம்மா அதிலிருந்த ஈரச் சுண்ணாம்பை வழித்து வழித்துப் பித்தளை டப்பாவில் நிரப்பினார்.

"அம்மா, அம்மா, சுண்ணாம்பு வாங்கச் சந்தைக்கு நான் இனி வெள்ளிக்கிழமைதான் போவேன்," என்றான் மாதையன். யாரும் கேட்கவில்லை.

அம்மா நடுவில் விரலை விட்டு எடுத்தார். நல்லாயியிடம் காட்டினார்.

"இப்படியா எடுப்பாரு?"

நல்லாயி பார்க்கவேயில்லை. அம்மா டப்பாவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இல்லை," என்றாள்.

அம்மா சுண்ணாம்பைச் சமமாகத் தடவினார். "அண்ணா, நீங்க."

நாச்சிமுத்து கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். பழகிய கை. வட்டமாக, சிந்தாமல், ஒரே அளவாக எடுத்தார்.

"இவ்வளவு சுத்தமாவா எடுப்பாரு?" என்றாள் நல்லாயி எரிச்சலோடு. "நீங்க இதையும் துலக்கறீங்க! அவருக்கு மூடியிலெல்லாம் அப்பிக்கும். வேட்டியில தொடைப்பாரு. நான் திட்டுவேன்."

"தள்ளுங்க," என்றான் மாதையன். "வெத்தலை போடாதவங்களுக்கு இது வருமா? நான் காட்டறேன்." முழு விரலையும் விட்டு ஒரு குழி தோண்டினான்.

"ஐயோ! கெணறு வெட்டறாரு!" நல்லாயி மண்டி போட்டு எழுந்தாள். "இத்தனூண்டுதானுங்க எடுப்பாரு. வாய் வெந்துருமுன்னு பயம். ஆம்பளைக்கு அத்தனை பயம்."

"நடுவுலயா?" என்றார் அம்மா.

"நடுவுல எப்படி எடுப்பாரு? மாடு முட்டி விரல் மடங்கிப் போச்சு, நிமிராது. ஓரத்துலதான்."

"இந்த ஓரமா?"

"அந்தப் பக்கம்."

"இப்படியா?"

"இல்லீங்க. சாச்சு."

"இப்படிச் சாச்சா?"

"அட, இங்க குடுங்க!"

நல்லாயி டப்பாவைப் பிடுங்கினாள்.

ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மடக்கினாள். மூடியின் கீல் பக்கம் ஓரத்தில் வைத்தாள். சாய்த்தாள். அவசரமில்லாமல் அரைச் சுற்று வழித்து, கடைசியில் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி எடுத்தாள்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஓரத்தில் ஒரு பள்ளம். சின்னது. ஒரு பக்கம் கோணல். மூடியில் கொஞ்சம் அப்பியிருந்தது.

நல்லாயி டப்பாவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இப்படியாம்மா?" என்று மெல்லக் கேட்டார் நாச்சிமுத்து.

அவள் மூடியை மூடி, துணியில் முடிந்து, மடியில் சொருகிக்கொண்டாள். அப்புறம்தான் தன் விரலைப் பார்த்தாள். நுனியில் சுண்ணாம்பு இருந்தது. முந்தானையைத் தொட்டாள். துடைக்காமல் விட்டுவிட்டாள்.

"ஏனுங், பரிசல்காரரே," என்றாள். "வெத்தலை ஒண்ணு இருக்குதுங்களா?"